சேர்ந்து சாப்பிடுவோம்: வாசகர் கேள்வி – பதில்

நண்பர்களோடு வெளியில் சாப்பிடுவது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கடைப் பெயர் கேட்டவர்கள் மன்னிக்கவும், இந்தப் பகுதியில் பெயர் போடுவதில்லை. எப்படிக் கடை தேடுவது என்று சொல்கிறேன். நம் திருகோணமலை சின்ன ஊர்தானே, நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பள்ளி நண்பர்கள் நான்கு பேர் ஆடி மாதம் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறார்கள். உப்புவெளியில் கடற்கரை ஹோட்டலில் மேசை பதியவா, நான் வழமையாகப் போகும் டவுன் கடைக்கே கூட்டிப் போகவா? குறைவாக நினைப்பார்களோ என்று யோசனையாக இருக்கிறது அக்கா.
(வாசகர், ஓர்ஸ் ஹில்)

டவுன் கடைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. கனடாவின் ஸ்காபரோவில் இடியப்பமும் கொத்துரொட்டியும் கிடைக்கின்றன, லண்டனிலும் அப்படித்தான். நல்ல ஹோட்டலும் அவர்களுக்குப் புதிதில்லை. ‘வழமையாகப் போகும் கடை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்த ஊரில் அவர்களிடம் இப்போது இல்லை, உங்களிடம் இருக்கிறது. நீங்கள் படியேறும்போதே காசு மேசையில் இருப்பவர் தலையாட்டுவார். பையன் கேட்காமலே உங்கள் மேசையைத் துடைக்கத் தொடங்குவான். அந்த உரிமையில் அவர்களும் ஒரு மத்தியானம் உட்காரட்டும். கடையை மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது கிடைக்காது. ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் நல்ல துண்டு வரும், நல்ல கதையும் வரும்.

ஆடி நல்ல காலம். கச்சான் காற்று அடித்து ஊர் வேகும், ஆனால் நம் பக்கத்துக் கடல் அமைதியாகக் கிடக்கும், மீனும் வரும். இரண்டு நாளுக்கு முன்னரே கடைக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்: இத்தனை பேர், இன்ன நாள், மத்தியானச் சாப்பாடு, அறக்குளா கிடைத்தால் அறக்குளா, இல்லாவிட்டால் பாரை. முற்பணம் கேட்கமாட்டார். நீங்களாகக் கொஞ்சம் கொடுங்கள், விடியப்புறம் மீன் வாங்கும்போது கைகொடுக்கும். 12.30க்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு மணிக்குக் கந்தோர்க் கூட்டம், அதாவது அலுவலகக்காரர், வந்துவிட்டால் பொரித்த மீனில் நடுத்துண்டு முடிந்து வால்தான் மிஞ்சும்.

சோறும் கறியும் சொல்லுங்கள். தட்டில் வாழையிலை, நடுவில் சோறு, ஓரத்தில் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு கீரை, வல்லாரைச் சம்பல், மேலே அப்பளமும் பொரித்த மிளகாயும். மீன் குழம்பு தனிக் கிண்ணத்தில் வரும். குழம்போடு முதல் சோறு முடிகிற நேரம் பார்த்துப் பையன் வாளியோடு வந்து நிற்பான். சோறும் மரக்கறியும் இரண்டாம் தரத்துக்குக் காசில்லை, மீன் துண்டுக்குத்தான் தனிக்காசு. நண்பர்களின் பிள்ளைகளும் வந்தால் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழும்பிவிடுவார்கள். கடைசிப் பிடி சோற்றுக்குச் சொதி விட்டுக் குழைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்தச் சொதியில் தேசிக்காய்ப் புளி விட்டிருப்பார்கள், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விட்ட புளி. வாயில் வைத்ததும் தெரியும்.

உப்புவெளிக்குப் பின்னேரம் போகலாம். காற்று வாங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

கந்தோரில் தோழிகள் ஐந்து பேர். நானும் இன்னொருவரும் வெள்ளிக்கிழமை சைவம். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சிங்களவர், ஒருவர் கத்தோலிக்கர். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் மூன்று பேர். எங்கே போவது என்று முடிவெடுப்பதற்குள் மத்தியான இடைவேளையே முடிந்துவிடுகிறது.
(வாசகி, பாலையூற்று)

முதலில் நாளை மாற்றுங்கள் தங்கச்சி. வெள்ளிக்கிழமை உங்களுக்கு விரதம், உங்கள் தோழிக்கு ஜும்ஆ நாள். முஸ்லிம் கடைகள் பலவும் தொழுகை நேரத்தில் பூட்டியிருக்கும். வியாழனாக்கிப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அப்புறம், ‘எல்லாருக்கும் பொதுவான இடம்’ என்று ஒன்றைத் தேடிக் களைக்காதீர்கள். முறை வைத்துப் போங்கள். ஒரு தடவை சைவக் கடை: அங்கே ஹலாலா, மாடா என்ற கேள்விக்கே இடமில்லை, ஐந்து பேரும் நிம்மதியாகச் சாப்பிடலாம். தோசை, உளுந்து வடை, மத்தியானமென்றால் ரசமும் பாயசமும். அடுத்த தடவை முஸ்லிம் கடை. உங்கள் தோழி ஒவ்வொரு தரமும் சைவக் கடையில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவருடைய ஊர்ச் சமையலை அவர் உங்களுக்குக் காட்டவும் ஒரு நாள் வேண்டும்தானே? புரியாணிக்கு அவர் எந்தக் கடையைச் சொல்கிறாரோ அங்கேயே போங்கள், நீங்கள் கருத்துச் சொல்லாதீர்கள். மற்றொரு தடவை மீன் கடை. கத்தோலிக்கத் தோழிக்குத் தவக்காலம் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் கடையில் கொத்து சொல்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். கொத்துக் கல் ஒன்றுதான் இருக்கும். முன்னவருக்கு மாட்டிறைச்சிக் கொத்துப் போட்ட கல்லிலேயே உங்கள் முட்டைக் கொத்தும் விழும். சாப்பிடாதவர்களுக்கு அது சங்கடம். சொல்லத் தயங்கிப் பட்டினி கிடக்காதீர்கள். “நானா, நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை, கல்லைக் கழுவிப் போடுவீர்களா?” என்று முதலிலேயே கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் முகம் சுளித்தவர் இல்லை. தண்ணீர் ஊற்றிச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் விட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். கூட்டம் இல்லாத நேரம் போய்க் கேட்பதுதான் மரியாதை. இரவு எட்டு மணிக்கு வாசலில் இருபது பேர் நிற்கும்போது கேட்டால் பாவம் அந்த மனிதர் என்ன செய்வார்?

நோன்பு மாதத்தில் மத்தியானச் சந்திப்பை விட்டுவிடுங்கள். பொழுதுபடுகிற நேரம், நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவரோடு போங்கள். பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, கூடவே ஒரு சமோசா. கஞ்சியில் இறைச்சி போட்டிருந்தால் என்ன இறைச்சி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பழைய பள்ளித் தோழிகள், ஐம்பது தாண்டியவர்கள். மாதம் ஒரு தடவை வெளியே போய்ச் சாப்பிட ஆசை. “வீட்டில் இல்லாததா கடையில் இருக்கு?” என்கிறார் என் மனுசன். என்ன பதில் சொல்வது?
(வாசகி, திருக்கடலூர்)

வீட்டில் இல்லாதது ஒன்று கடையில் இருக்கிறது அக்கா: உங்களுக்குப் பரிமாற ஒரு ஆள். அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்.

நம் வயதுப் பெண்கள் சூடான சோறு சாப்பிட்டது எப்போது? எல்லாருக்கும் போட்டு, பிள்ளைக்கு முள் எடுத்து, மாமிக்கு உறைப்பில்லாமல் தனியாக வைத்து, கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறோம். கடையில் அப்பம் கல்லிலிருந்து நேரே உங்கள் தட்டுக்கு வருகிறது. ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போதே பிய்த்துச் சாப்பிடலாம். பால் அப்பத்தின் நடு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், விரல் சுடும். அடுத்தது வரும் வரை கதைக்கலாம். எழும்பிப் போய் அடுப்பைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நானும் என் தோழிகளும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொழுதுபட்டால் ஊர் அடங்கிவிடும். கடைகள் அரைக் கதவோடு நிற்கும். கணக்கு முடிந்ததோ இல்லையோ, வீட்டுக்கு ஓட வேண்டும். இரவில் நாலு பெண்கள் சேர்ந்து மத்திய வீதியில் நடந்துபோய் ஒரு கடையில் உட்காருவது என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை. 2009 மேயில் யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பயம் உடனே போகவில்லை. ஏழு மணியானால் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். இப்போது எட்டரை மணிக்கும் கடையில் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். இழந்த இரவுகள் எங்களுக்கு நிறைய. மாதத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நான் நினைக்கிறேன்.

முதல் தடவை போகும்போது கூச்சமாக இருந்தால் குடும்ப அறை உள்ள கடையாகப் பாருங்கள், திரையோ பலகைத் தடுப்போ போட்டிருப்பார்கள். இரண்டு மூன்று தடவை போய்ப் பழகியதும் வெளி மேசைக்கு வந்துவிடுங்கள், காற்று அங்கேதான். திரும்பி வரத் தெரிந்த முச்சக்கரவண்டிக்காரரைப் பேசி வையுங்கள். மனுசனுக்கு ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

கடலுணவு சாப்பிட நண்பர்களோடு திருகோணமலைக்கு வருவோம். நாங்கள் கடலில்லாத ஊர்க்காரர், குளத்து மீன்தான் எங்களுக்குத் தெரியும். கடையில் கடல் மீன் புதிதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், கந்தளாய்)

நல்ல கேள்வி. சமைத்து வந்த பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே சொல்வதற்கு முன் பாருங்கள். கடற்கரைப் பக்கக் கடைகள் பலவற்றில் மீனை ஐஸில் அடுக்கி வைத்திருப்பார்கள். கண் தெளிவாக, வெளியே தள்ளினாற்போல் இருக்க வேண்டும். பூவை (செவுளை)த் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்: சிவப்பாக இருந்தால் சரி, மண்ணிறம் என்றால் வேண்டாம். விரலால் அமுக்கினால் பள்ளம் நிற்கக் கூடாது. கணவாய் என்றால் தோல் பளபளக்க வேண்டும், இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

டவுன் சாப்பாட்டுக் கடையில் மீனைக் காட்டமாட்டார்கள். அங்கே “இன்றைக்கு என்ன மீன்?” என்று கேளுங்கள். உடனே ஒரு பெயர் வந்தால் நல்லது. “எல்லாம் இருக்கு” என்றால் மரக்கறிச் சாப்பாடு சொல்லிவிடுங்கள்.

சூரை, கும்பளா விஷயத்தில் மட்டும் கூடக் கவனம் வேண்டும். பிடித்த பிறகு வெயிலில் கிடந்தால் இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். பொரித்தாலும் அவித்தாலும் அது போகாது, மணமும் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்தது போல் சுரீரென்றால் அந்தத் துண்டை அப்படியே வைத்துவிடுங்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பில் தடிப்புப் போட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள், என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

நண்டுக்கு நாள் பார்த்து வாருங்கள். நிலவுக் காலத்து நண்டில் சதை குறைவு, அமாவாசைப் பக்கம்தான் கனமாக இருக்கும் என்று நம் மீனவர்கள் சொல்வார்கள். என் வீட்டில் அதைக் கேட்டுத்தான் வாங்குவோம். வாடைக் காலத்தில், கார்த்திகை மார்கழியில், கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது கடல் மீனுக்கென்று பஸ் ஏறி வராதீர்கள்.

நாங்கள் ஆறு மாணவர்கள். கையில் காசு குறைவு, பசி அதிகம்.
(கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம், கோணேசபுரி)

ஆறு கொத்துச் சொல்லாதீர்கள் பிள்ளைகள், மூன்று போதும். ஒரு முழுக் கொத்தை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம், குழம்பு கூடக் கேட்டு வாங்குங்கள். முட்டைக் கொத்து மலிவு. என் நாக்குக்கு அதுதான் கோழிக் கொத்தை விட ருசியும்கூட. ரொட்டி நன்றாக ஊறும்.

தேத்தண்ணிக் கடையில் றோல்ஸ், கட்லட், வடை என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. எடுக்காததைத் தொட்டுப் பார்த்துத் திரும்ப வைக்காதீர்கள், அடுத்த மேசைக்கு அது போகும். டச்சு பே கடற்கரையில் பின்னேரம் இறால் வடையும் மாங்காய் அச்சாறும் கிடைக்கும். சாப்பிட்ட பையைக் கையோடு கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போடுங்கள். நம் டவுன் மான்கள் சாப்பாட்டு மணம் பிடித்து அந்தப் பொலித்தீனையும் சேர்த்து மென்றுவிடுகின்றன. கண்ணால் கண்டிருக்கிறேன்.

நண்பர்களோடு போனால் பில் வரும் நேரம்தான் சங்கடம். யார் கொடுப்பது? சில இடங்களில் விலைப்பட்டியலில் ஒன்று, பில்லில் வேறொன்று.
(வாசகர், லிங்கநகர்)

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். பெரிய இடங்களில் சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ப்பார்கள். வற் எனும் பெறுமதி சேர் வரி வேறு. அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். வரிக்குப் பதிவு செய்த கடை மட்டும்தான் வற் வாங்கலாம், பில்லில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் 1,000 ரூபாய்ச் சாப்பாடு ஏறக்குறைய 1,300 ஆகிவிடும். உட்காரும்போதே “விலையில் எல்லாம் அடங்குமா?” என்று கேட்டால் பிறகு மனவருத்தமில்லை. நம் டவுன் சாப்பாட்டுக் கடைகள் அநேகமாக இது எதையும் சேர்ப்பதில்லை, போட்ட விலைதான். அங்கே பையனுக்கு ஏதாவது கையில் வையுங்கள்.

விலை கூடிவிட்டது என்று கடைக்காரரோடு கோபிக்காதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் சாமான் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏறிய விலை பழைய இடத்துக்கு வரவில்லை. அந்த வருடம் காஸ் இல்லாமல் நாங்கள் போகும் கடை விறகடுப்புக்கு மாறியது. இடியப்பமும் சம்பலும் மட்டும்தான் இருந்தன. பேசாமல் அதையே சாப்பிட்டோம். கடை இன்றைக்கும் இருக்கிறது.

யார் கொடுப்பது என்றால், நாங்கள் முறை வைத்திருக்கிறோம். இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் மற்றவர். கணக்குப் பார்த்துப் பிரிப்பதும் தவறில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கூட்டத்தில் காசு குறைந்த நண்பர் யாரோ, அவருடைய கைக்கு ஏற்ற கடையைத்தான் தெரிவு செய்ய வேண்டும். அவருக்காக மற்றவர்கள் கொடுப்பது ஒரு தடவை சரி. ஒவ்வொரு தடவையும் என்றால், “இன்றைக்கு எனக்கு வேலை இருக்கு” என்று அவர் வராமலே விட்டுவிடுவார். இப்படி எத்தனையோ சிநேகிதம் தேய்ந்துபோவதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு கடையில் பழுதான கறி தந்துவிட்டார்கள். நண்பர்கள் முன் சண்டை வேண்டாம் என்று பேசாமல் வந்துவிட்டேன். சரிதானா?
(வாசகர், சீனன்குடா)

சண்டை பிடிக்காதது சரி, பேசாமல் வந்தது சரியில்லை. முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் சட்டியையே இறக்கிவிடுவார். அலட்சியம் செய்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருப்பார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அதற்காகத்தான். கூடிய விலைக்கு விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசிச் சண்டை: சாப்பிட்ட பிறகு வட்டிலப்பமா, தயிரும் பாணியுமா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
(வாசகி, மூதூர்)

புரியாணிக்குப் பிறகு வட்டிலப்பம். மற்ற எல்லாவற்றுக்கும் தயிர். மூதூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தங்கச்சி? எருமைத் தயிர் உங்கள் பக்கத்தில்தானே.

கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி, அக்கரையில் இறங்கித் தயிர்ச் சட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்புவோம். இப்போது டவுனில் சாப்பிட்டு முடித்து, நாலு பேரும் ஒரு முச்சக்கரவண்டியைப் பிடித்துப் பாலம் தாண்டிப் போகிறோம். வீதியோரத்தில் சட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சட்டியைச் சற்றுச் சரித்துக் காட்டச் சொல்லுங்கள்: தயிர் அசையக் கூடாது, மேலே மஞ்சள் ஆடை படிந்திருக்க வேண்டும். சிறிய சட்டி ஒன்று வாங்கி அங்கேயே நாலு கரண்டி கேளுங்கள், தருவார்கள். கித்துள் பாணி மட்டும் உங்கள் கையோடு கொண்டு போங்கள். வீதியோரத்தில் விற்பதில் சில சீனிப் பாகு. விடுமுறை நாளென்றால் மத்தியானத்துக்கு முன் போய்விடுங்கள், பின்னேரம் நல்ல சட்டிகள் முடிந்துவிடும்.